அண்ணி நேர்ந்துகொண்ட முடி

தர மாட்டேன். மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறேன், சிரித்துக்கொண்டே சொல்லிப் பார்க்கிறேன், அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்க்கிறேன், எல்லாம் மனதுக்குள்தான், எப்படிச் சொன்னாலும் கடைசியில் தர மாட்டேன் என்றுதான் வந்து நிற்கிறது. முடி எடுக்கிற மண்டபத்தின் ஈரத் தரையில் கால் வைக்க அருவருத்து, சுவரோரத்துச் சிமெண்டுத் திட்டில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருக்கிறேன். எதிரே வரிசையாக உட்கார்ந்து மழித்துக்கொள்கிறார்கள். மஞ்சள் துணி கட்டிய பெண்கள், பேண்டை முழங்கால் வரை சுருட்டிவிட்ட ஆண்கள், கையையும் காலையும் உதைக்கிற குழந்தைகள். தண்ணீர் தெளிக்கிற சத்தம், பிளேடு இழுபடுகிற சத்தம், ஒரு குழந்தை ஓய்ந்தால் அடுத்த குழந்தை. ஈர முடிக்கென்று ஒரு வாடை இருக்கிறது, அதோடு சந்தனமும் வேப்பிலையும் சேர்ந்து குமட்டுகிறது, மருந்து ஏற்றிய நாட்களிலிருந்து எனக்கு எந்த வாடையும் ஆவதில்லை. என் கை என்னைக் கேட்காமலேயே தலைக்குப் போகிறது. இருக்கிறது. ஒரு விரல்கடை உயரம், சுருட்டை. ஐம்பத்து மூன்று வயது வரை எனக்குக் கோரை முடிதான், ரப்பர் பேண்டு போட்டால் நிற்காது, வழுக்கிக்கொண்டு வந்துவிடும். எல்லாம் கொட்டிப்போய் மறுபடி முளைத்தது மட்டும் சுருண்டுகொண்டு முளைத்திருக்கிறது. சில பேருக்கு இப்படி வரும், போகப் போக நேராகிவிடும் என்றார் டாக்டரம்மா. நேராக வேண்டாம் என்று இருக்கிறது. பழைய முடி அம்மா கொடுத்தது. இதை நான் கிடந்து, வாந்தி எடுத்து, எழுந்து, மறுபடி விழுந்து, மறுபடி எழுந்து கொண்டுவந்தேன். விரலை விட்டால் சுற்றிக்கொள்கிறது. காலையில் எழுந்ததும் முதலில் இதைத்தான் தொட்டுப் பார்க்கிறேன், அப்புறம்தான் கண்ணைத் திறப்பது. இதைத்தான் அண்ணி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

விஷயம் வேனில்தான் வெளியே வந்தது. இன்றைக்கு அண்ணியின் பேத்திக்கு முதல் மொட்டை, காதுகுத்து. அண்ணி என்றால் சாமிநாதனின் அக்கா, தையல்நாயகி. சாமிநாதன் என் வீட்டுக்காரர். கல்யாணமான நாளிலிருந்து நான் அவரை சாமி என்றுதான் கூப்பிடுகிறேன், சாமியே இல்லை என்கிறவள் வாயில் எந்நேரமும் சாமி சாமி என்று வருகிறதே என்று அண்ணி அப்போதிருந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள். குழந்தைக்கு விசேஷம் என்றால் நான் வராமல் இருப்பேனா, கோயிலுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்துகொள்வேன், சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்துகொள்வேன், எப்போதும் அப்படித்தான், யாருக்கும் அதில் மனக்குறை கிடையாது. கும்பகோணத்திலிருந்து விடிந்ததும் கிளம்பினோம். பாதி வழியில் அண்ணியின் மருமகள் சுகன்யா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் திரும்பி, "உங்களுக்கு என்ன அத்தை, பழகின தலை. மொட்டை அடிச்சாலும் அழகாத்தான் இருப்பீங்க" என்றாள். எனக்குப் புரியவில்லை. "எனக்கு எதுக்கும்மா மொட்டை?" என்றேன். அண்ணி சன்னல் பக்கம் திரும்பி வயலைப் பார்த்தாள். அண்ணி வயலைப் பார்க்கிற ஆளே இல்லை, வண்டியில் ஏறினால் தூங்குகிற ஆள். சாமிநாதன் தொண்டையைச் செருமினார். அப்போதே தெரிந்துவிட்டது, வேனில் எல்லாருக்கும் தெரியும், டிரைவருக்குக்கூடத் தெரிந்திருக்கும், தலைக்குச் சொந்தக்காரிக்கு மட்டும்தான் தெரியாது. "பொழைச்சு எழுந்தா முளைக்கிற முதல் முடியை ஆத்தாவுக்குத் தர்றோம்னு வேண்டிக்கிட்டேன் எழிலு" என்றாள் அண்ணி, வயலைப் பார்த்துக்கொண்டே. யார் தலையை யார் தருவது? அதை அங்கேயே கேட்டிருக்க வேண்டும். குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது, பால் பாட்டிலைத் தேடினார்கள், மூடியைக் காணோம், கேள்வி தொண்டையிலேயே நின்றுபோனது. இன்னும் அங்கேதான் நிற்கிறது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குழந்தைக்கு முடி எடுக்க வேண்டும், சுகன்யாவின் அண்ணன் வருகிற பஸ் வழியில் எங்கேயோ பஞ்சராகி நிற்கிறதாம். அவர் வந்ததும் குழந்தை. குழந்தை முடிந்ததும் நான். அவர்கள் நினைப்பில் அப்படி.

மொட்டை எனக்குப் புதிதில்லை, சுகன்யா சொன்னது சரிதான், பழகின தலை. தலையணையில் கொத்துக் கொத்தாக விழ ஆரம்பித்ததும் பார்லர் பெண்ணை வீட்டுக்கு வரச் சொல்லி மிச்சத்தையும் நானே வழித்துவிடச் சொன்னேன், விழுகிறது விழுகிறது என்று தினம் ஒரு பயம் எதற்கு. கொஞ்சம் தெம்பு வந்ததும் கடைக்குப் போனேன். எனக்குப் பெரிய தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை, கண்ணைச் சோதித்து பவர் பார்த்துக் கண்ணாடி போட்டுக் கொடுக்கிறேன். விக் வைக்கவில்லை, துணி கட்டவில்லை, வியர்க்கும். வருகிற ஒவ்வொருவரும் தலையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கேட்டார்கள், எந்தக் கோயில்மா, திருப்பதியா, பழனியா? நம் ஊரில் ஒரு பெண்ணின் மொட்டைத் தலைக்கு வேறு காரணமே கிடையாது. ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர்களும் சந்தோஷமாகப் போயிருப்பார்கள், எனக்கும் வாய் மிச்சம். நான் சொல்லவில்லை. "கோயில் இல்லைங்க. கேன்சர். மருந்து ஏத்துறாங்க" என்றேன். வந்தவர்கள் எல்லாரிடமும். முகம் தொங்கிப்போகும். ஒரு அம்மாள் அய்யய்யோ என்று தன் மார்பையே பிடித்துக்கொண்டாள். ஒருவர் பழைய கண்ணாடியை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனவர் அதை வாங்கக்கூடத் திரும்ப வரவில்லை, ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தாரோ என்னவோ. "எதுக்கு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு? ஆமாங்கன்னு விட்டுட வேண்டியதுதானே" என்றார் சாமிநாதன். ஏன் விட வேண்டும்? என் தலையில் என்ன நடந்தது என்று நான்தான் சொல்வேன். பயத்தோடும் ஊசியோடும் குமட்டலோடும் நான் பட்டதை ஒரு கோயில் பெயரைச் சொல்லி மூடிவிட எனக்கு இஷ்டமில்லை. இன்றைக்கு இங்கே தலையைக் கொடுத்துவிட்டு நாளைக்குக் கடையில் போய் உட்கார்ந்தால் மறுபடி கேட்பார்கள், எந்தக் கோயில்மா என்று. நானும் கோயில் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும். அது பொய்யாகவும் இருக்காது. அத்தனை மாதம் பிடித்த வீம்பை ஒரு பிளேடு வழித்துக்கொண்டு போய்விடும்.

அண்ணி மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை, அதுதான் எரிச்சலாக இருக்கிறது. அதிகாரம் பண்ணுகிறவள் என்றால் எதிர்த்து நின்றுவிட்டுப் போவேன், எனக்கு அது பழக்கம்தான். என் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். யாரோடு வாதம் செய்தாலும் ஜெயிப்பார். ஜெயித்துவிட்டுச் சாப்பிட உட்காரும்போது முகம் அப்படி மலர்ந்திருக்கும், இன்னொரு கரண்டி சோறு கேட்பார். தோற்றவர் அப்புறம் எங்கள் தெருப் பக்கம் வர மாட்டார். அந்த அப்பா செத்தபோது அண்ணி பட்டுக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்தாள், கை நிறைய அரிசி. சடங்கு எதுவும் இல்லை என்று அவளுக்கு யாரோ வாசலில் சொல்லியிருக்கிறார்கள். நேரே என்னிடம் வந்து, "வாய்க்கரிசி போடலாமா எழிலு?" என்றாள். "வேணாம் அண்ணி, அப்பாவுக்குப் பிடிக்காது" என்றேன். செத்தவருக்குப் பிடித்தது என்ன பிடிக்காதது என்ன? செத்தால் ஒன்றுமில்லை என்கிற வீட்டுப் பெண் பேசுகிற பேச்சா அது? அந்த இடத்தில் என்னைப் பிடித்து மடக்கியிருக்கலாம், அப்பாவாக இருந்தால் மடக்கியிருப்பார். அண்ணி மடக்கவில்லை. அரிசியை முந்தானையில் முடிந்துகொண்டு ஓரமாகப் போய் நின்றாள், கடைசி வரை நின்றாள். நான் படுக்கையில் கிடந்தபோதும் அப்படித்தான். கஞ்சி வைத்து, பாத்திரம் தேய்த்து, என்னைத் தூக்கி உட்கார வைத்து, எல்லாம் அவள்தான், தன் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து கிடந்தாள். ஒரு நாள் திருநீற்றை எடுத்துக்கொண்டு வந்து, "பூசட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். சரி என்று போய்விட்டாள். மறுநாள் பார்த்தால் கட்டிலின் நாலு காலிலும் பட்டை பட்டையாகத் திருநீறு. "உனக்கா பூசினேன்? கட்டிலுக்குத்தானே. அது ஒண்ணும் வேணாம்னு சொல்லலையே" என்றாள். சிரித்துச் சிரித்துத் தையல் போட்ட இடம் வலித்தது. டாக்டர் கையில் ஆத்தாதான் இருந்தாள் என்பாள் அடிக்கடி. அப்படியானால் கட்டியைக் கொடுத்த கை யாருடையது என்று நான் கேட்டதில்லை. ஜெயிக்கிற கேள்விதான், நாக்கு நுனி வரைக்கும் வரும். கேட்டுவிட்டால் அவள் அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு போய் விளக்கேற்ற வேண்டும். கடைக்கு வருகிறவர் கண்ணுக்கு முன்னால் ஒரு கண்ணாடியைப் போட்டு, மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்கிறேன். அவர் எது தெளிவு என்கிறாரோ அதைத்தான் எழுதிக்கொள்கிறேன், உங்களுக்கு இப்படித் தெரியக் கூடாது என்று சொல்ல நான் யார். சரி, நல்ல நியாயம்தான். ஆனால் அவர் தன் கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் மாட்டினால்?

சாமிநாதன் காகிதக் கப்பில் காபியோடு வருகிறார். டிரைவரோடு வேனை நிறுத்தப் போனவர் இவ்வளவு நேரம் காணோம், வேனை எங்கேயோ கர்நாடகத்தில் நிறுத்திவிட்டு வந்திருப்பார். அக்காவும் பெண்டாட்டியும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தால்தான் இந்த மனிதருக்கு மூச்சு வரும். "சக்கரை கம்மியாத்தான் போடச் சொன்னேன்" என்கிறார். பக்கத்தில் உட்காராமல் நின்றபடியே, யாருக்கோ சொல்கிற மாதிரி, "பூமுடி குடுக்கலாமாம். விசாரிச்சேன். மொட்டை எல்லாம் வேணாம், மூணே மூணு கத்தரி. நுனியில லேசா. வெளிய தெரியவே தெரியாது" என்கிறார். நான் கப்பை வாங்கிக்கொள்கிறேன். "நீதான் நம்பலையே எழிலு. நம்பாதவளுக்கு இது என்ன? பார்லருக்குப் போன மாதிரி நெனச்சுக்க. அக்காவுக்கு மனசு ஆறிடும்." கெட்டிக்காரப் பேச்சு. வருகிற வழியில் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருப்பார். இதற்கு என்ன பதில் இருக்கிறது? ஒன்றுமே இல்லை என்கிறவளுக்குக் கொடுப்பதிலும் ஒன்றுமில்லைதானே. மூன்று கத்தரி. கத்தரிக்கோல் காதுக்குப் பக்கத்தில் குளிர்ச்சியாக வந்து கறுக் கறுக் என்று நகர்ந்துவிடும், ஒரு நிமிஷம் ஆகாது, அப்புறம் எல்லாரும் சிரித்துக்கொண்டே சாப்பிடப் போகலாம், வடை பாயசத்தோடு சாப்பாடு சொல்லியிருக்கிறார்கள். "எவ்வளவுங்கறது பிரச்சினை இல்லை சாமி" என்றேன். "அப்புறம் எது பிரச்சினை?" என்றார். சொல்லத் தெரியவில்லை. சொல்லத் தெரியாததால் அது இல்லை என்று ஆகிவிடுமா? "போய் அந்தப் பஸ் எங்க வருதுன்னு கேளுங்க" என்றேன். விட்டால் போதும் என்று போய்விட்டார். காபியில் சர்க்கரை கொட்டிக் கிடக்கிறது.

சொல்லத் தெரியாததைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். பக்கத்தில் போனால் அது ஸ்கேனாக இருக்கிறது. அடுத்த வாரம் ஸ்கேன். அதை நான் யாரிடமும் பேசுவதில்லை, சாமிநாதனும் பேசுவதில்லை, காலண்டரில் அந்தத் தேதியை மறைத்தாற்போலப் பால் கணக்குச் சீட்டைச் செருகி வைத்திருக்கிறார். மறுபடி வந்திருந்தால்? வந்திருந்தால் இவர்கள் யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள், அந்த அளவுக்கு நல்லவர்கள், அதுதான் தாங்காது. சுகன்யா சொல்ல மாட்டாள். அண்ணி சொல்ல மாட்டாள். கஞ்சி வைத்துக் கொண்டுவருவாள், தூக்கி உட்கார வைப்பாள், அவள் முகத்தில் மட்டும் இருக்கும், அன்றைக்குக் கொடுத்திருக்கலாமேடி என்று. அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். நானே நினைத்தால்? ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போது வாய் கசந்து, கால் மரத்து, சன்னல் திரையை எண்ணிக்கொண்டு கிடப்பேனே, அப்போது என் மண்டைக்குள் ஒரு குரல், வெறும் முடிதானே, கொடுத்திருக்கலாமே என்று கேட்டால்? கேட்கும். எனக்குத் தெரியும் என் மண்டையை. அப்பாவின் பெண்ணாக இருந்தாலும் கேட்கும், ஆயிரம் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டியவளாக இருந்தாலும் கேட்கும், வலி யாருடைய பெண் என்று பார்ப்பதில்லை. அப்படியானால் இப்போதே கொடுத்துவிட்டால் அந்தக் குரலை அடைத்துவிடலாம் இல்லையா? எழுந்து போய் உட்கார்ந்தால் முடிந்தது. கால் தரையைத் தொடுகிறது, சில்லென்று ஈரம், யாருடைய முடியோ விரலிடுக்கில் ஒட்டுகிறது. காலைத் தூக்கிக்கொள்கிறேன். இல்லை. இதுதான், சாமிநாதனுக்குச் சொல்லத் தெரியாமல் இருந்தது இதுதான். இப்போது நான் கொடுத்தால் அண்ணிக்காகவும் இல்லை, மாரியம்மனுக்காகவும் இல்லை, பயத்துக்குக் கொடுக்கிறேன். அந்தப் பயம் மூன்று கத்தரியோடு நிற்காது. ஸ்கேன் நன்றாக வந்தால் இன்னும் கேட்கும், நன்றாக வராவிட்டால் அதைவிட இன்னும் கேட்கும். அந்த நோயே என்னிடமிருந்து போதுமான அளவு எடுத்துக்கொண்டது, ஒரு மார்பை எடுத்துக்கொண்டது, இனி அதன் பெயரைச் சொல்லி யாரும் என்னிடம் எதையும் எடுக்க முடியாது. வலியில் கிடக்கப்போகிற எழில் என்னைத் திட்டினால் திட்டிக்கொள்ளட்டும். அவளுக்குப் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அண்ணி வந்து பக்கத்தில் உட்கார்கிறாள். அவளும் காலைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள், மூட்டு வலிக்கிறது என்று முனகிக்கொண்டே. மஞ்சள் புடவை, வியர்வை, கற்பூரம். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் எதிரே ஒரு பையன் தலையில் சந்தனம் அப்புவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். "கோவமா?" என்கிறாள். "ஆமா." "இருக்கும்ல." தொண்டையில் நின்ற கேள்வி தானாக நகர்கிறது. "அப்பா சாவுல எங்கிட்ட கேட்டீங்க அண்ணி. திருநீறுக்குக் கேட்டீங்க. இதுக்கு மட்டும் ஏன் கேக்கலை?" அவள் விரலில் இருந்த குங்குமத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். "கேட்டா வேணாம்னுதான் சொல்லுவே." "அது தெரிஞ்சுதானே கேக்கலை?" "ஆமாடி. தெரிஞ்சுதான்." சுற்றி வளைக்கவில்லை, மழுப்பவில்லை. "தலையாணியில கெடந்த உன் முடியைக் கூட்டி எடுத்தேன் பாரு, அன்னிக்குத்தான். ஆத்தாவுக்கு என்ன தர்றதுன்னு பார்த்தேன். மண்சோறு தின்னுட்டேன், உருண்டுட்டேன், செருப்பை விட்டுட்டேன். பத்தாதுன்னு தோணிச்சு. எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல. வாயில அது வந்துருச்சு." மண்சோறு தின்றாள் என்பது எனக்குத் தெரியாது. கோயில் தரையில் சோற்றைக் கொட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து வாயால் எடுத்துத் தின்றிருக்கிறாள், இந்த மூட்டோடு, எனக்காக. என்ன செய்வேன் நான் இதை வைத்துக்கொண்டு? அழுகை வருகிறது, ஆத்திரமும் வருகிறது, என்னைக் கேட்காமல் எனக்காக ஏன் மண்ணில் கிடந்தாய் என்று. "அண்ணி, நான் இப்பவே போய் உக்காந்து குடுத்துடலாம். எனக்கு அது வெறும் முடிவெட்டு. உங்களுக்கு அது காணிக்கை. மனசில்லாம குடுத்தா அது காணிக்கையா? உங்க ஆத்தாகிட்ட நான் கள்ளக்காசு தர மாட்டேன்." அண்ணி யோசித்தாள். "அவ மனசெல்லாம் பார்க்க மாட்டா, முடியைத்தான் பார்ப்பா" என்றாள். அப்புறம் அவளே, "இல்ல. பார்ப்பா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கு வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, ரொம்ப மெதுவாக, "மறுபடி வந்துட்டா எழிலு?" என்றாள். இத்தனை மாதத்தில் எங்கள் குடும்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாததை அவள்தான் சொன்னாள். "வந்தா வைத்தியம் பார்ப்போம்." "குடுக்காததாலதான்னு நெனைப்பேன்டி. என்னால நெனைக்காம இருக்க முடியாது." "நெனைச்சுக்குங்க. நானே நெனைச்சாலும் நெனைப்பேன். எனக்கும் பயமா இருக்கு அண்ணி. பயமா இருக்குங்கறதுக்காகத் தர மாட்டேன்." சொல்லிவிட்டேன். நான் நினைத்திருந்த எந்த விதத்திலும் இல்லை, கையைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை.

தாய்மாமன் வந்துவிட்டார், சட்டையெல்லாம் பஸ் கிரீஸ். ஓடு ஓடு என்று ஆளுக்கொரு சத்தம். அவர் மடியில் குழந்தையை வைத்ததும் அது வீறிட்டது, சுகன்யா முகத்தைத் திருப்பிக்கொண்டு தானும் அழுதாள், சாமிநாதன் செல்போனைத் தலைக்கு மேலே தூக்கிப் படம் எடுத்தார். பூனைக்குட்டி ரோமம் போல அத்தனை மெல்லிய முடி, வழிந்து இறங்கியது. முடி எடுத்தவர் நிமிர்ந்து, "அடுத்தது யாரும்மா?" என்றார். எல்லாரும் என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். "அடுத்தது இல்லப்பா" என்றாள் அண்ணி. சாமிநாதன் வாயைத் திறந்தார், அண்ணி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வா." "எங்க?" "அவகிட்ட சொல்ல வேணாமா? நேர்ந்துக்கிட்டவ நான், தர முடியலைன்னு நான்தான் சொல்லணும். நீ பக்கத்துல நில்லு. நான் பாட்டுக்கு உனக்குத் தெரியாம ஒண்ணைச் சொல்லிட்டு வர்றது இனிமே கிடையாது." "நான் கும்பிட மாட்டேன் அண்ணி." "கும்பிடச் சொன்னேனா?" போகலாமா? போனால் பார்க்கிறவர்கள் எழிலும் வந்துவிட்டாள் என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். என்னைப் பற்றித்தான் அண்ணி உள்ளே பேசப்போகிறாள், நான் எதற்கு மரத்தடியில் போய் உட்கார வேண்டும்?

உள்ளே அனல். கூட்டம் நெருக்கித் தள்ளுகிறது, எண்ணெய்ப் பிசுக்கு, எலுமிச்சை மாலை, முதுகில் யாருடைய வியர்வையோ. கல்யாணமான நாளிலிருந்து இந்தக் குடும்பத்தோடு எத்தனையோ கோயில் வாசலுக்கு வந்திருக்கிறேன், இவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை. மேலே எல்லாக் கையும் கூப்பியிருக்கிறது, என் கை இரண்டும் கீழே தொங்குகிறது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, பழக்கமில்லாத வீட்டில் நிற்கிற மாதிரி இருக்கிறது. சிலையைப் பார்க்கிறேன், நேராக. எதுவும் தோன்றவில்லை. தோன்றிவிடுமோ என்று ஒரு கணம் காத்திருந்தேன், அதை மறைக்க மாட்டேன். பக்கத்தில் அண்ணி தொண்டையைத் திறந்துவிட்டாள், பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுகிற அதே குரலில். "ஆத்தா, அவ தர மாட்டாளாம். அவ முடி அவளுது. என்னுது இல்லாததை உனக்குத் தர்றேன்னுட்டேன், தப்பு எம்மேல. பக்கத்துலதான் நிக்கறா, நல்லாப் பாத்துக்க, ஒளிச்சு ஒண்ணும் கொண்டாரலை. அவ உன்னை நம்பல, ஆனா உங்கிட்ட பொய் சொல்லல. எதானும் கேக்கணும்னா என்னைக் கேளு, அவளைத் தொடாத." பிடித்திருந்த என் மணிக்கட்டில் நகம் பதிந்தது. பின்னால் நின்ற அம்மாள் என் தோளை இடித்து, "ஏம்மா, சந்நிதியில வந்து கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறே, எடுத்துக் கும்பிடு" என்றாள். எனக்குச் சூடாக ஒரு பதில் வாய்க்குள் வந்தது. அதற்குள் அண்ணி கண்ணீரும் குங்குமமுமாக அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டாள். "அவ கும்பிட மாட்டா. உங்களுக்கு என்னம்மா? கொஞ்சம் நகந்து நில்லுங்க, நாங்க மூணு பேரும் பேசிக்கிட்டிருக்கோம்." என் கணக்கில் இரண்டு பேர்தான். நான் திருத்தவில்லை. அண்ணி பேசி முடிக்கிற வரைக்கும் இந்த இடத்தை விட்டு நகரமாட்டேன்.